தப்பியோட இடமில்லாத கூண்டு: காடை வளர்ப்பும் கொல்லாமையும்

உயிர்களுக்கு இழைக்கப்படும் துன்பத்தை ஆராயும் இந்தியச் சமய நூல்கள், அக்குற்றத்தைச் செய்தல், செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்றாகப் பகுத்துக் காண்கின்றன. பதஞ்சலியின் யோகசூத்திரமும் சமண ஒழுக்க நூல்களும் ஒத்துக்கொள்ளும் இப்பகுப்பு, கொன்றவனையும், கொல்ல ஏவியவனையும், கொன்றதை ஏற்று மகிழ்ந்தவனையும் ஒருசேரப் பிடித்துவிடும் வலிமை உடையது. ஆயினும் இம்மூன்று வலைக்கண்களின் வழியாகவும் நழுவிப் போகக்கூடிய ஒருவர் உண்டு. வீட்டு மாடியில் ஒரே கூண்டில் ஆறு காடைகளை விட்டு, அவற்றுள் மூன்று ஆண் என்பதை அறியாமல், வேளைதோறும் இரையும் நீரும் வைத்துவருபவர், ஒருநாள் அவற்றுள் ஒன்று பிடரித்தோல் கிழிந்து மூலையில் ஒடுங்கியிருக்கக் காண்பாரானால், அவர் கொத்தியவரும் அல்லர், கொத்தும்படி ஏவியவரும் அல்லர், கொத்தியதை விரும்பியவரும் அல்லர். அத்தகையவரைக் குற்றத்துக்கு உரியவராகக் கொள்ள முடியுமா, முடியுமெனில் எந்த நியாயத்தால் என்பது, பார்வைக்குச் சிறிதாகத் தோன்றினாலும், கொல்லாமை என்னும் அறத்தின் எல்லை எதுவரை என்பதைச் சோதிக்கும் கேள்வியாகும்.

இக்கேள்வியைத் திருத்தணியில் வைத்து எண்ணிப்பார்ப்பது பொருத்தமானது. சேவலைக் கொடியில் ஏந்திய தெய்வத்தின் மலை அது. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று பறவைகளைக் கொல்லாமல் ஓட்டிய வள்ளியை அத்தெய்வம் மணந்த தலம் என்று போற்றப்படுவதும் அதுவே. 1888-ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் பயின்று 1908-இல் எழுதிய ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட பொருள் வேதாந்தத்தின் அறவியல் ஆகும். உலகை மாயை என்று கொள்ளும் தத்துவத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று அக்காலத்தில் கூறப்பட்டுவந்த குற்றச்சாட்டுக்கு விடையாக அது அமைந்தது.

முதலில் பறவையைப் பற்றிக் கூற வேண்டும். இன்று தமிழ்நாட்டில் வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படுவது, வயல்வெளிகளில் வாழும் காட்டுக் காடை அன்று; ஜப்பானில் பல நூற்றாண்டுகளுக்கு முன் அதன் கூவல் ஒலிக்காகவே கூண்டில் வளர்க்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டைக்கும் இறைச்சிக்கும் எனத் தேர்ந்து பெருக்கப்பட்ட ஜப்பானியக் காடை ஆகும். 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இப்பறவை, உத்தரப்பிரதேசத்தின் இஜ்ஜத்நகரில் ஆராயப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு நாமக்கல் காடை, நந்தனம் காடை என்னும் வகைகளை உருவாக்கி அளித்தது. காட்டுக் காடைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளதால், வளர்க்க விரும்புவோருக்கு இப்பண்ணைப் பறவையே உரியது. பதினேழு அல்லது பதினெட்டு நாள் அடைகாப்பில் பொரித்து, ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும் இப்பறவையின் வாழ்வு அவசரமானது. பொரித்த குஞ்சு ஒன்றரை மாதத்தில் போரிடும் வயதை அடைந்துவிடுகிறது என்பதை வளர்ப்போர் பலர் எதிர்பார்ப்பதில்லை.

காடையின் போர்க்குணம் தமிழர்க்குப் புதிதன்று. குறும்பூழ் என்ற பெயரால் சங்க இலக்கியம் குறிக்கும் இப்பறவையினத்தின் சண்டையை வேடிக்கை பார்க்கப் போனதாகத் தலைவன் சொல்லும் சாக்கு, கலித்தொகையின் மருதப்பகுதியில் ஒரு பாடலுக்கே கருவாகியிருக்கிறது. தலைவி அதை நம்பவில்லை என்பது வேறு செய்தி. பண்டைய ஏதென்சில் ஆல்சிபியாடிசு என்னும் அரசியல்வாதியின் மேலாடைக்குள்ளிருந்து காடையொன்று பேரவைக் கூட்டத்தின் நடுவே பறந்தோடியதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். லக்னோவின் நவாபுகள் காலத்தில் காடைச்சண்டை பெருமக்களின் பொழுதுபோக்காக இருந்தது. இவ்வாறு களத்தில் இரண்டு ஆண் காடைகளை எதிரெதிரே விடுபவன் வேண்டுமென்றே செய்வதைத்தான், ஒரே கூண்டில் இரண்டு ஆண் காடைகளை அறியாமல் விட்டவர் வேண்டாமலே செய்துவிடுகிறார். பறவையின் காயத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை. உண்மையில் களத்துப் பறவைக்கு வேடிக்கை முடியும் நேரம் என்று ஒன்று உண்டு, கூண்டுப் பறவைக்கு அதுவும் இல்லை.

ஆதலால் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது இங்கு ஆர்வத்தின்பாற்பட்ட செய்தியாக நில்லாமல் அறத்தின்பாற்பட்டதாகிவிடுகிறது. காட்டு நிறம் எனப்படும் இயல்பான பழுப்பு நிறக் காடைகளில் மூன்று வாரம் நிறைந்ததும் மார்பிறகு வேறுபடத் தொடங்குகிறது. ஆணின் மார்பு புள்ளிகள் இல்லாமல் ஒரே சீரான செம்பழுப்பாக இருக்கும். பெண்ணின் மார்பு வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். வளர்ந்தபின் பெண் ஆணைவிட எடை கூடியது; கோழியினத்தில் சேவலே பெரிதாக இருக்கக் கண்டு பழகிய கண், பெரிய பறவையை ஆண் என்று கொண்டுவிடும் பிழை இதனால் நேர்வதுண்டு. வெள்ளை நிறக் காடையிலும் கரும்பழுப்பு வகைகள் சிலவற்றிலும் மார்பிறகு எந்தச் செய்தியையும் தருவதில்லை. அவற்றில் ஏறக்குறைய ஆறாம் வாரம்வரை காத்திருந்து, பறவையைக் கையில் மெல்லப் பிடித்து, எச்சத்துவாரத்தின் மேல்புறத்தைப் பார்க்க வேண்டும். பருவமடைந்த ஆணுக்கு அங்கே சிவந்த உருண்டையான சுரப்பி ஒன்று புடைத்திருக்கும், அதை இலேசாக அழுத்தினால் வெண்ணுரை வெளிப்படும். பெண்ணுக்கு அந்தச் சுரப்பி இவ்வாறு புடைப்பதில்லை. கூவலும் ஓர் அடையாளம்: ஆண் தொண்டையைப் புடைத்துக்கொண்டு உரத்துக் கூவும், பெண்ணின் குரல் பூச்சியின் இரைச்சலைப் போன்று தாழ்ந்து ஒலிக்கும். பொரித்த அன்றே எச்சத்துவாரத்தைப் பார்த்துப் பால் பிரிக்கும் கலை தேர்ந்த கைகளுக்கு மட்டுமே இயலும். வீட்டில் வளர்ப்பவர் அதை முயன்றால் குஞ்சுக்குக் காயம் நேருமேயன்றி விடை கிடைக்காது.

இவ்வடையாளங்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதில் ஒரு தருக்கச் சிக்கல் உள்ளது. திருத்தணிக்குத் தெற்கே உள்ள காஞ்சியில் அறவண அடிகளிடம் மணிமேகலை கேட்டதாகச் சொல்லப்படும் அளவையியல், ஒரு முடிவை நிறுவக் காட்டும் காரணத்தை ஏது என்றும், காரணம்போல் தோன்றி முடிவைத் தராமல் ஏமாற்றுவதை ஏதுப்போலி என்றும் பிரித்து, ஏதுப்போலிகளுள் ஒன்றை அநைகாந்திகம் என்று குறிக்கிறது; அஃதாவது, நிறுவ வேண்டிய பொருளிலும் அதற்கு மாறான பொருளிலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் உறுதிசெய்ய இயலாத காரணம். 'கூவவில்லை, ஆகவே பெண்' என்பது இவ்வகையைச் சார்ந்தது. வலிய ஆண் ஒன்று கூண்டில் இருக்கையில் மெலிந்த ஆண் வாய்திறவாமல் அடங்கியிருக்கும். பகல் குறைந்த பருவத்தில் ஆணின் சுரப்பியே சுருங்கி நுரை வராமல் போகும். ஆகவே கூவல் உண்டு என்பது ஆண் என்பதற்கு ஏது. கூவல் இல்லை என்பது எதற்கும் ஏதாகாது. ஐயத்துக்கு இடமில்லாத அடையாளம் முட்டையிடுவது ஒன்றுதான், அதுவும் எந்தப் பறவை இட்டது என்பதைக் கண்ணால் கண்டிருந்தால். பல அடையாளங்கள் ஒருங்கே கூடும்வரை முடிவை ஒத்திவைத்து, அதுவரை பறவைகளைப் பிரித்தே வைப்பவர், அளவையியலைப் படிக்காமலே அதன்படி நடப்பவராகிறார்.

கூண்டுக்குள் காயம் நேரும் வழிகள் பல. இரண்டு ஆண் காடைகள் சேர்ந்தால் ஒன்று மற்றதன் தலையையும் பிடரியையும் குறிவைத்துக் கொத்தும். கண் பறிபோவதும் உண்டு. ஓர் ஆணும் ஒரேயொரு பெண்ணும் இருந்தால் போர் இல்லை, ஆனால் இணையும்போது ஆண் தன் அலகால் பெண்ணின் பிடரியிறகைப் பற்றிக்கொள்ளும் வழக்கத்தால் அப்பெண்ணின் தலை வெகு விரைவில் வழுக்கையாகி, தோல் கிழிந்து புண்ணாகிவிடும். ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண் என்ற அளவைப் பண்ணையாளர்கள் கொள்வது முட்டை கருவுறுவதற்காக. வீட்டில் வளர்ப்பவருக்கோ அதே கணக்கு, ஒரு பறவையின்மேல் விழும் பாரத்தைப் பலவற்றின்மேல் பகிர்ந்துவிடும் வழியாக அமைகிறது. கருவுற்ற முட்டை வேண்டாதவருக்கு ஆணே வேண்டியதில்லை, பெண் காடைகள் ஆண் இன்றியும் முட்டையிடும் என்பதைச் சொன்னால் வியப்போர் இன்றும் உள்ளனர். பெண் காடைகளுக்குள்ளும் சண்டை நேர்வதுண்டு, குறிப்பாகப் பழகிய கூட்டத்தில் புதிய பறவையைத் திடீரென விட்டால்.

இரத்தம் தெரிந்த இடத்தை மற்றப் பறவைகளும் கொத்தும் என்பதால், முதற்காயம் பட்ட பறவையை உடனே வேறிடத்துக்கு மாற்றாவிட்டால், ஒன்று தொடங்கியதைக் கூட்டம் முடித்துவிடும். இட நெருக்கம், மிகுந்த வெளிச்சம், தீனியில் புரதமும் உப்பும் குறைதல் ஆகிய மூன்றும் கொத்தலைத் தூண்டுவன. வளரும் குஞ்சுக்குத் தேவைப்படும் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்துநான்கு பங்கு அல்லது அதற்கும் மேற்பட்ட புரதத்தை வெறும் கம்பும் அரிசிக்குருணையும் தருவதில்லை. இன்னொன்று பலரும் அறியாதது. அஞ்சிய காடை ஓடுவதற்கு முன் நேர்மேலே எம்பிப் பாயும். ஆதலால் கூண்டின் மேற்புறம் ஓர் அடிக்குள் தாழ்ந்திருந்து எம்புவதற்கு வேகம் எடுக்க இடமளிக்காததாகவோ, ஆள் உயரத்துக்கு மேற்பட்டதாகவோ இருக்க வேண்டும். நடுத்தரமான உயரமே மண்டையை உடைக்கும். மேற்புறத்தில் கம்பிக்குப் பதிலாக மெல்லிய வலையோ துணியோ கட்டுவது அந்த இடியைத் தணிக்கும். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். ஆழமான தண்ணீர்ப் பாத்திரத்தில் குஞ்சு மூழ்கிவிடும் என்பதால் அதில் கூழாங்கற்களை இட வேண்டும்.

இனி, இத்தனையும் அறியாதவர் குற்றவாளியா என்னும் கேள்விக்கு வரலாம். திருத்தணியின் முருகனோடு கதையால் பிணைந்த வள்ளிமலையின் பாறைகளில், ஒன்பதாம் நூற்றாண்டின் கங்க அரசன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் இன்றும் உள்ளன. வள்ளியின் மலையே ஒருகாலத்தில் அருகனின் மலையாகவும் இருந்தது. அச்சமயத்தின் தமிழ்க் கொடைகளுள் ஒன்றான யசோதர காவியம், இங்கு எழுந்த கேள்வியின் மறுதலையைக் கதையாக்கியிருக்கிறது. தாயின் வற்புறுத்தலால் உயிருள்ள சேவலுக்குப் பதிலாக மாவினால் செய்த சேவலைத் தெய்வத்துக்குப் பலியிட்ட யசோதரன், எந்த உயிரையும் கொல்லாதவனாயினும் கொல்லும் எண்ணத்தோடு வாளை ஓங்கியதால், அவனும் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறப்புகளில் உழன்று, இறுதியில் கோழிகளாகப் பிறந்து கூண்டில் அடைபட்டிருந்தபோது அறவுரை கேட்டு நல்வழிப்பட்டதாகக் காவியம் கூறும். அங்கே எண்ணம் இருந்தது, கொலை இல்லை. தண்டனை முழுமையாக வந்தது. காடை வளர்ப்பவரிடம் காயம் இருக்கிறது, எண்ணம் இல்லை. எண்ணமே வினையென்று கொண்டால் இவர் முற்றிலும் விடுபட வேண்டும்.

சமணம் அவ்வாறு விட்டுவிடவில்லை என்பதுதான் அதன் நுட்பம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் எண்ணம் என்ற சொல்லுக்குப் பதிலாக வைக்கப்பட்டிருப்பது பிரமாதம் என்பது. அசட்டை, விழிப்பின்மை, கருத்தூன்றாமை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம், திருக்குறள் பொச்சாப்பு என்று ஓர் அதிகாரத்தில் கடிவதும் ஏறத்தாழ இதையே. விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வது இம்சை எனப்பட்டதால், கொல்ல எண்ணியவனும் கவனியாதவனும் ஒரே இலக்கணத்துக்குள் அடங்கிவிடுகின்றனர். முழுக் கவனத்தோடு நடந்தும் காலடியில் எறும்பு மிதிபட்ட துறவி மட்டுமே அதற்கு வெளியே நிற்கிறார். அதே நூல் இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை நோன்பைக் களங்கப்படுத்தும் மீறல்கள் ஐந்தைச் சொல்லும்போது, கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைக் குறைத்தல், அளவுக்கு மீறிய சுமையேற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்று அடுக்குகிறது. இந்த ஐந்தும் கொலைஞனின் குற்றங்கள் அல்ல, வளர்ப்பவனின் குற்றங்கள். மாட்டையும் குதிரையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இப்பட்டியல் காடைக் கூண்டுக்கு வியக்கத்தக்க முறையில் பொருந்துகிறது: நெருக்கமான கூண்டு முதலாவதையும், கொத்தலைத் தடுக்க அலகு நுனியை வெட்டும் பண்ணை வழக்கம் மூன்றாவதையும் நினைவூட்டும். அலகை வெட்டுவது, காயத்தின் காரணத்தைக் கூண்டில் தேடாமல் பறவையில் தேடுவதாகும் என்பதால், இதைத் தீர்வு என்று ஏற்பது கடினம்.

இதற்கு எதிராக எழும் முதல் தடை, கொத்துவது பறவையின் இயல்பு, காட்டிலும் காடைகள் ஒன்றையொன்று கொத்துகின்றனவே, அங்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது என்பது. இத்தடையில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். காட்டில் தோற்ற ஆண் புதருக்குள் ஓடிவிடுகிறது. வென்ற பறவைக்கும் அதைத் துரத்திக்கொண்டே இருக்க ஓய்வில்லை. அங்கே சண்டையின் அளவை வரையறுப்பது பறவையின் கருணை அன்று, நிலத்தின் பரப்பு. கூண்டு எடுத்துக்கொண்டது அந்தப் பரப்பைத்தான். தப்பியோடும் வழியை அடைத்தவர், தப்பியோடுதல் செய்துவந்த வேலையைத் தாம் செய்யக் கடமைப்பட்டவராகிறார்; தோற்றதை வென்றதன் கண்ணிலிருந்து மறைப்பது, இணையின் பாரத்தைப் பகிர்வது, காயம்பட்டதைப் பிரிப்பது எல்லாம் முன்னர் புதரும் புல்லும் செய்துவந்தவை. ஆதலால் வளர்ப்பவரின் பொறுப்பு கொத்தலில் தொடங்குவதில்லை. கூண்டின் கதவைச் சாத்திய கணத்தில் அது தொடங்கிவிடுகிறது. முன்னர்க் கூறிய மூவகைப் பகுப்பில் இவர் அகப்படாமல் போனதற்கும் இதுவே காரணம்: அப்பகுப்பு செயலைத் தேடுகிறது, இவரிடம் இருப்பதோ ஒரு செயலால் ஏற்றுக்கொண்ட நிலை.

இரண்டாம் தடை ஆழமானது. ஒவ்வொரு உயிரும் தன் வினைப்பயனையே நுகர்கிறது, காடையின் காயமும் அதன் முன்வினை, வளர்ப்பவர் வெறும் கருவி என்று சிலர் கூறுவதுண்டு. சைவ சித்தாந்தம் வினைக்கொள்கையை முழுமையாக ஏற்பது. ஆயினும் வினைப்பயனை உரிய உயிருக்குக் கூட்டுவிப்பது இறைவனின் செயல் என்றே அது கொள்ளுமாதலால், அச்செயலைத் தம்முடையதாக்கிக்கொண்டு அசட்டைக்குப் போர்வையாக்குவோர்க்கு அங்கு இடமில்லை. மேலும், காயம் பறவையின் வினை என்றால் அக்காயத்துக்கு மஞ்சள் வைக்கும் கையும் அதே பறவையின் வினையாகத்தான் இருக்க வேண்டும். வினையைக் காட்டி உதவியை மறுப்பவர் அதே வினையைக் காட்டி உதவியைச் செய்யவும் கூடும். எந்தப் பக்கமும் சாயும் ஒரு காரணம், மேலே சொன்ன அநைகாந்திகத்தின் இன்னொரு வடிவம்.

அறியாமை எந்த அளவுக்கு மன்னிப்பைத் தரும் என்பதில் பறவையின் உடலே ஒரு காலக்கணக்கை வைத்திருப்பது கவனத்துக்குரியது. முதல் மூன்று வாரங்களில் பால் தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருப்பவர் உண்மையில் அறியாதவர்; அவ்வயதில் போரும் இல்லை. மார்பிறகு நிறம் மாறியபின் பார்க்காமல் இருப்பவர் அறியாதவர் அல்லர், அறிய மறுத்தவர். வெள்ளைக் காடையை வாங்கியவருக்கு அந்தச் சலுகை இன்னும் மூன்று வாரம் நீள்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத்தடுப்புச் சட்டமும், விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற வலி நேராமல் தடுக்க உரிய நடவடிக்கை எடுப்பதைக் கடமையாக விதிக்கிறது. நகரப் போதிய இடமில்லாத கூண்டில் அடைப்பதை அது தனிக் குற்றமாகவே கூறுகிறது. மாநிலங்களவையில் அதற்கான முதல் முயற்சியை மேற்கொண்டவர் ருக்மிணிதேவி அருண்டேல் என்பதைத் தமிழர் பலர் கலாசேத்திரத்தின் புகழில் மறந்துவிட்டனர்.

திருத்தணியின் மரபு இக்கேள்விக்கு நேரான விடையைத் தரவில்லை என்றாலும், போர் முடிந்தபின் என்ன செய்வது என்பதைப் பற்றிய ஒரு சிந்தனையைப் பேணிவந்திருக்கிறது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில், மாமரமாய் நின்ற சூரபதுமனை வேல் இருகூறாக்கியபோது, அக்கூறுகள் சேவலும் மயிலுமாகி முன்னைச் சினத்தோடே பாய்ந்து வந்தன. முருகனின் அருட்பார்வை அவற்றின் பகையை மாற்ற, ஒன்று கொடியிலும் மற்றது ஊர்தியாகவும் இடம்பெற்றன. சினம் தணிந்து தெய்வம் அமர்ந்த இடம் என்று திருத்தணி போற்றப்படுவதால், மற்றப் படைவீடுகளில் கந்தசஷ்டியன்று நிகழும் சூரசங்காரம் இங்கு நிகழ்வதில்லை. மாறாக மலர்களால் புட்பாஞ்சலி செய்யப்படுகிறது. தாரகன் எறிந்த சக்கரத்தை ஏற்ற வடு மார்பில் உண்டு என்றும், தெய்வமே காயம் தாங்கியது என்றும் தலமரபு சொல்லும். கொன்று அகற்றுவதன்று, பகைத்தவற்றுக்கு அடுத்தடுத்து மோதாத தனித்தனி இடம் வகுப்பது என்ற கருத்து அக்கதைக்குள் இருக்கிறது. காடை வளர்ப்பவரிடம் அருட்பார்வை இல்லை. அவரிடம் இருப்பது ஒரு கம்பி வலைத் தடுப்பும், கூண்டுக்குள் வைக்கக் கொஞ்சம் வைக்கோலும் கவிழ்த்த மண்சட்டியும்தான். ஆனால் வேலை அதேதான். எனினும் மரபை ஒருமுகமாக அழகுபடுத்திவிடக் கூடாது. முருகனைப் பாடிய திருமுருகாற்றுப்படையே குறிஞ்சி மக்கள் ஆட்டுமறியைப் பலியிட்டுக் கோழிக்கொடியை நட்டு வழிபட்டதையும் சொல்கிறது. மலர் வழிபாடும் குருதி வழிபாடும் ஒரே தெய்வத்தின் வரலாற்றில் உள்ளன.

இவ்வளவுக்கும் பின் தீராமல் எஞ்சுவது மிகுதியான ஆண் காடைகளின் சிக்கல். முட்டையில் பாதி ஆணாகத்தான் பொரிக்கும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் பன்னிரண்டு குஞ்சுகளில் ஆறு ஆணாக இருந்தால், இரண்டு போக நான்கு எங்கே செல்லும்? உலகெங்கும் முட்டைக்கோழித் தொழில் இதற்குக் கண்ட விடை, ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வது; 2022 தொடக்கத்திலிருந்து ஜெர்மனி அதைச் சட்டத்தால் தடைசெய்து, முட்டைக்குள்ளேயே பால் கண்டறியும் முறைகளை நாடியிருக்கிறது. வீட்டில் வளர்ப்பவர் பெரும்பாலும் இறைச்சிக்கடைக்குக் கொடுத்துவிடுவார். காயத்தைத் தடுக்கப் பால் பிரித்தறிந்தவர் அவ்வறிவைக் கொண்டே எதைக் கொல்வது என்று தேர்ந்தவராகிறார். இங்கு ஆல்பர்ட் சுவைட்சர் எழுதிய ஒரு நெருக்கடி நினைவுக்கு வரும். உயிர்மீதான பேரன்பை அறத்தின் அடிப்படையாக வைத்த அம்மருத்துவர், ஆப்பிரிக்காவில் மீன்கழுகுக் குஞ்சு ஒன்றைப் பிறர் கையிலிருந்து மீட்டபின், அதைப் பட்டினியால் சாகவிடுவதா, அதற்காக நாள்தோறும் பல மீன்களைக் கொல்வதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்ததையும், கொல்ல முடிவெடுத்தும் அதைத் தம் பொறுப்பாகவே உணர்ந்ததையும் குறிப்பிட்டார். இந்தியச் சிந்தனை உலகை மறுப்பது, அதன் கொல்லாமை செயலிலிருந்து விலகி நிற்பதில் பிறந்தது என்று 1935-இல் அவர் எழுதியபோது திருக்குறளுக்கு மட்டும் உயர்ந்த விலக்களித்தார். திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் 1939-இல் வெளியிட்ட கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும் பற்றிய நூலில் அவருக்கு விரிவாக மறுமொழி கூறினார். அவ்விவாதத்தில் இரு தரப்பினரும் கொல்லாமை என்பது ஒதுங்குதலா செயலா என்று வழக்காடினர். கூண்டை வைத்துக்கொண்டிருப்பவருக்கு ஒதுங்கும் வழியே அடைபட்டுவிட்டதால், அவ்வழக்கு செயல் என்ற பக்கத்தில் தானாகவே முடிந்துவிடுகிறது.

கொல்லவும் விரும்பாதவருக்கு எஞ்சும் வழி, பொரிக்க வைப்பதற்கு முன்பே ஆண்களுக்கான கூண்டுகளை எண்ணிப்பார்ப்பது, அல்லது பால் தெரிந்த வளர்ந்த பெண் காடைகளை மட்டும் வாங்குவது. பெண்கள் கண்ணில் படாத தொலைவில் சிறுவயதிலிருந்து ஒன்றாக வளர்ந்த ஆண்கள் சிலபோது அமைதியாக இருப்பதுண்டு, ஆனால் அதை நம்பி இரவில் கண்ணயர இயலாது. தனிக்கூண்டில் வைத்தால் காயம் இல்லை. எனினும் காடை கூட்டமாக வாழும் பறவை, இணை இல்லாத ஆண் இணையுள்ளதைவிட மிகுதியாகக் கூவும், அக்கூவல் அண்டை வீட்டாருக்கு வெறும் இரைச்சல், பறவைக்கோ அது அழைப்பு. கண்ணால் காணவும் குரலைக் கேட்கவும் முடிந்து, அலகு மட்டும் எட்டாதபடி இடையே கம்பி வலை வைத்த அடுத்தடுத்த கூண்டுகள் நடைமுறையில் ஓரளவு பயன்தருகின்றன. எதிர்நின்று இறகு சிலிர்க்கும் இரண்டு ஆண்களுக்கு அதுவும் ஓயாத எரிச்சலாகிவிடுமாயின், வலையின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்துவிட வேண்டியிருக்கும். எந்த இணைக்கு எது பொருந்தும் என்பதை முதல் சில நாள் காலையும் மாலையும் உட்கார்ந்து பார்த்தே முடிவுசெய்ய இயலும்.